ஈரப் பின்னல்

படம் விட்டபோது பிர்னோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
டிராம் நிறுத்தத்திலேயே தகராறு.
சூனியக்காரியை மன்னித்தது தப்பு என்கிறாள் லுத்மிலா,
கையில் மிச்சப் பாப்கார்ன்.
"அவளைச் சாகடிக்காத கதையெல்லாம் ஒரு கதையா?"
ஓட்டகர் மூன்றாம் முறை பார்த்தவன்;
ஓநாய் பேசியிருக்கவே கூடாதென்று
முன்பின் தெரியாத ஒருவரிடம் மல்லுக்கு நிற்கிறான்.

நான் வாய் திறக்கவில்லை.
ஆற்றிலிருந்து எழும் இளவரசியின் ஈரப் பின்னல்,
நான்கு நொடி,
பதினோரு மாதம்:
அது மட்டும்தான் என் கை.
அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை.

எட்டாம் எண் டிராம் வந்தது.
எதிர் இருக்கையில் ஒரு பொடியன்
கண் சொக்க அம்மாவைக் கேட்டான்:
"அவளுக்குத் தலை துவட்டிவிட்டார்களா?
சளி பிடிக்குமே."

இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.