மூணு நிமிஷம்

தலவாக்கலை ஸ்டேஷன் ரோட்டில்
சலூனுக்கும் அடகுக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் ஒரு கொமினிகேஷன்.
கதவில் மஞ்சள் பெயின்டில் ஐ.டி.டி. என்றிருக்கும்.
அதற்குக் கீழே போட்டோ கொப்பி என்றும் இருக்கும்,
மெஷின் ஒருநாளும் வந்து சேரவில்லை.
உள்ளே என் திலகு அத்தை.

திலகேஸ்வரி என்பது ரசீதுப் புத்தகத்தில் மட்டும்.
பேங்க்காரருக்கு மிஸ்.
லைன் திருத்த வருகிறவனுக்கு நோனா.
எனக்கு, சனிக்கிழமையின் முழுப் பெயர்.

மாலுபாணைப் பிய்த்தால்
மீன் இருக்கிற பாதி எனக்கு,
கிழங்கு மட்டும் ஒட்டிய பாதி அவளுக்கு.
"எனக்கு மீன் வாடை ஆகாதுடா" என்பாள்,
வீட்டில் கருவாட்டுச் சட்டியைச்
சோறு போட்டு வழித்துத் தின்கிறவள்.

என் வேலை ஓட்டம்.
"மேல் டிவிசன், அஞ்சாம் லயம், பேச்சியாயி,
மக நாலரைக்கு எடுக்குதாம்"
என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே
குறுக்குப் பாதையில் ஏறுவேன்.
ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு ரூபாய்,
அட்டை கடித்தால் மூணு.
கடிக்காத நாளிலும் கடித்தது என்றேன்.
அத்தை குனிந்து காலைப் பார்த்தாள்.
ஒன்றுமே இல்லாத இடத்தில்
கவனமாகச் சுண்ணாம்பு தடவி
மூணு ரூபாய் தந்தாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லோரும் கத்தினார்கள்.
ரியாத் தூரம் அல்லவா.
"கத்தாதீங்க அக்கா, கம்பி கொண்டுபோய்ச் சேர்க்கும்"
என்று அத்தையும் கத்துவாள்.

கரண்ட் போனால்
மீட்டரின் சிவப்பு எண்கள் கண்ணை மூடிக்கொள்ளும்.
லைன் மட்டும் உயிரோடு இருக்கும்.
பேசி முடித்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி
"எவ்வளவு நேரம் தாயி?" என்பார்.
அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள்,
மெழுகுதிரியைப் பார்ப்பாள்.
"மூணு நிமிஷம்."
ஒருமுறை நான் பதினேழு வரை எண்ணி வைத்திருந்தேன்.
வாயைத் திறந்தேன்.
மேசைக்கடியில் அவள் கால்
என் காலை மிதித்தது.

மாசக் கடைசியில் அப்பா பில்லைத் தூக்கிக்கொண்டு குதிப்பார்.
கடைக்குக் காசு போட்டவர் அவர்.
"ஒனக்கு மணி பார்க்கத் தெரியாதா திலகு?"
"தெரியாதுண்ணே."

பேச்சியாயி பேசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்
வளைவுக்கு அப்பால் ரயில் கூவியது.
அவள் கூண்டுக்குள்ளிருந்து ரிசீவரை நீட்டினாள்.
"புள்ள ரயிலைக் கேக்கணுங்குது."

வயர் கூண்டுக் கதவோடு நின்றுவிட்டது.
அத்தை யோசிக்கவில்லை.
ஆணி தெறிக்க, சுண்ணாம்பு உதிர,
போனைப் பெட்டியோடு பிடுங்கி
வாசற்படி வரை இழுத்து வந்து
என் கையில் தந்தாள்.
"தூக்கிப் பிடிடா."

பிடித்தேன், தலைக்கு மேலே,
பனி மூடி எதுவும் தெரியாத பக்கமாக.
கடைசிப் பெட்டியும் போன பிறகு
காதில் வைத்துப் பார்த்தேன்.
மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.
அதற்குப் பின்னால் யாரோ அரபியில் கூப்பிட,
லைன் அறுந்தது.
பேச்சியாயி சொல்ல வந்தது பாதியில் நின்றது.
வருகிற கோலுக்கு அஞ்சு ரூபாய்.
அன்று அத்தை வாங்கவில்லை.
சுவரில் அந்த ஓட்டை
கடை மூடும்வரை அப்படியே கிடந்தது.

இப்போது அவளுக்கு வலது காது மந்தம்,
ரிசீவர் குடியிருந்த காது.
வட்டகொடையில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள்.
நான் தோஹாவிலிருந்து எடுக்கிறேன்.
வீடியோவில் அவள் முகம் வருவதே இல்லை;
பாதி நெற்றி, மீதி தகரக் கூரை.
"ஒனக்குக் காசு போகும், வை வை" என்று கத்துகிறாள்.
"இது ஓசி அத்தை."
நம்புவதில்லை.

நேற்று
பூனை குட்டி போட்டது, லைட் பில் ஏறியது,
என் சோறு, என் முடி உதிர்வது
எல்லாம் பேசி முடித்து மூச்சு வாங்கினாள்.
"எவ்வளவு நேரம்டா ஆச்சு?"
திரையில் ஐம்பத்திரண்டு.

"மூணு நிமிஷம்" என்றேன்.

கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும் கேட்டது.
அப்புறம் அந்தச் சிரிப்பு,
ஸ்டேஷன் ரோட்டில் சலூன் வரை கேட்ட சிரிப்பு.
"ஏன்டா,
அட்டை கடிச்சிருச்சா?"