டக்

சாலிகிராமத்தில் ஒரு மாடி அரங்கு.
முப்பத்தேழு பேர், பாதி உயிரோடு ஒரு ஏசி,
பெனசிரின் பதினான்கு நிமிடப் படம்.
அதில் வரும் சத்தமெல்லாம் நான் போட்டது.
அதனால் நான் திரையைப் பார்க்கவில்லை.
ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து
வந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படத்தில் பேய்க்கு முகம் கிடையாது.
ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள், இரவு எட்டரை.
தோசைக்கல் பக்கத்தில் ஏதோ சிரிப்பு.
வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும்.
ஸ்டாண்டு போடும் சத்தம்:
டக்.
மூவரும் சுவரோரம் போய் நிற்பார்கள்.
மறுநாள் இரவு இன்னும் கொஞ்சம் ஒட்டி.
அதற்கடுத்த இரவு சுண்ணாம்பில் தோள் புதையும்.
கடைசி இரவில் அடுப்பில் தோசை கருகும்,
வீட்டில் ஒருவரும் இல்லை,
சுவர் மட்டும்
மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்.

முதல் டக்குக்கே மூன்றாம் வரிசையில்
சிப்ஸ் பொட்டலம் நின்றுபோனது.
ஒரு பையன் சிரித்தான்,
தான் மட்டும்தான் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும்
அதை இருமலாக்கிக்கொண்டான்.
யாரோ எழுந்து கழிவறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம்,
மூடவேயில்லை.

விளக்கு வந்தது.
ஆவடி தணிகைவேல்,
மூன்று படத்துக்கு வசனம் எழுதியவர்,
"பேயக் காட்டியிருக்கலாம்மா,
ஜனம் ஏமாந்துபோகும்" என்றார்.
பட்ஜெட் எவ்வளவு என்று ஒரு குரல்.
குடும்பத்தைப் போய் இப்படிக் காட்டலாமா என்று
பட்டுச் சட்டை போட்ட ஒருவருக்குக் கோபம்.
கைத்தறிப் புடவையில் ஓர் அம்மாள்
மைக்கை வாங்கிப் பிடித்தபடி நின்றார்,
ஸ்பீக்கரில் அவர் மூச்சு மட்டும்.
"எங்க வீட்ல அது லூனா" என்றார் பிறகு.
"தெருமுனையிலேயே கேட்டுரும்.
புஸ்தகத்த எடுத்து வெச்சிக்குவோம்."
உட்கார்ந்துவிட்டார்.
யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை.

அந்தச் சத்தத்தை எங்கே பிடித்தீர்கள் என்று
கேட்டதற்கு பெனசிர் என்னைக் காட்டினாள்:
"பத்துப் பதினைந்து வண்டி பாத்தோம்,
எதுலயும் பயம் வரல.
கடைசில அண்ணன் தன் வண்டியவே கொண்டுவந்தார்."
கைதட்டினார்கள்.
எழுந்து கும்பிட்டேன்.

ஆற்காடு சாலை, மெட்ரோ தோண்டிய பள்ளங்கள்,
வளசரவாக்கம் தாண்டியதும் தூறல்.
ஆலப்பாக்கத்தில் எங்கள் மாடி ஜன்னலில் வெளிச்சம்.
டிவியில் ஏதோ காமெடி,
பெரியவள் சிரிக்கிறாள்.
தொழில் புத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
உச்சியில் போய் உடைகிற சிரிப்பு.
இத்தனை வருடத்தில்
ஒருமுறைகூடப் பதிவு செய்ததில்லை.

கால் பழக்கத்தில் ஸ்டாண்டைத் தள்ளியது.

டிவி நின்றது.
ஒரு நாற்காலி இழுபட்டது.
நோட்டின் பக்கம் புரளும் சத்தம்கூட.

நான் கை ஓங்கியதில்லை.
ரிமோட்டைச் சுவரில் அடித்தது உண்டு.
தட்டை ஒரே ஒரு தடவை.
சரி, இரண்டு.

வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டைக் கையால் பிடித்து
ஓசையில்லாமல் இறக்கப் பார்த்தேன்.
துருப்பிடித்த ஸ்பிரிங்.
அது சொன்னதையே சொன்னது.

ஜன்னல் திரை விரலளவு விலகியது.
"அப்பா, மேல வரலியா?" சின்னவன்.
தடுமாற்றமே இல்லை.
ஒத்திகை பார்த்த குரல் எனக்குத் தெரியும்,
இருபது வருடமாக அதுதான் சோறு போடுகிறது.

நனைந்தபடி கீழே நின்றேன்.
"வர்றேன்டா" என்று சொல்ல
எனக்கு மூன்று டேக் ஆயிற்று.