முறைத் தண்ணீர்

மூணாறு தலைப்பில் எனக்கு லஸ்கர் வேலை.
காலை ஆறு, மாலை ஆறு,
அளவுகல்லைப் பார்த்து
நோட்டில் எழுத வேண்டும்.
இடையில் என்ன செய்தாலும்
அது கணக்கில் இல்லாத ஆறு.

நிறைமதிக்கு ஒன்பது வயது.
அவளுக்கும் ஒரு நோட்டு.
சாப்பாட்டுக்கு முன், பின், படுக்கப் போகும்போது.
வலது ஆட்காட்டி விரலை மட்டும் நீட்ட மாட்டாள்,
"அது பென்சிலுக்கு."
மற்ற ஒன்பதும் எள் தூவியது போல.

இன்சுலின் பெரியாஸ்பத்திரியில் இலவசம்.
ஐஸ் டப்பாவில் போட்டு
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன்.
குத்திப் பார்க்கும் பட்டைக்குத்தான்
மாதக் கடைசியில் தட்டுப்பாடு.
அந்த நாட்களில் அவள் அம்மா
நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்துச்
சர்க்கரை அளப்பாள்.

ஆனியில் தஞ்சாவூர் டாக்டரம்மா
கம்பெனிக்காரர் விட்டுப்போன சென்சார் ஒன்றை
அவள் புஜத்தில் ஒட்டிவிட்டார்.
பத்து ரூபாய் காசைவிடக் கொஞ்சம் பெரிது.
பதினாலு நாள்.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண்
என் போனில் வந்து விழுந்தது.
முதல் ராத்திரி நாங்கள் தூங்கவில்லை.
பயத்தில் இல்லை, வேடிக்கை பார்த்தோம்.
இட்லிக்கு ஏறியது,
பதினோரு மணி ரயிலுக்கு இறங்கியது,
எங்கள் பிள்ளைக்குள்
இப்படியொரு வாய்க்கால் ஓடுவது
அன்றுதான் தெரியும்.

நான்காம் ராத்திரி இரண்டு நாற்பதுக்கு
போன் அலறியது.
ஐம்பத்திரண்டு. அம்புக்குறி கீழே.
எழுப்பி உட்காரவைத்துச்
சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம்.
விடிந்தபோது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை.
ராஜகுமாரி அடுப்படியில் நின்றபடி கேட்டாள்:
"ஏங்க, இதுக்கு முன்னாடி
எத்தனை ரெண்டு நாப்பது?"

பதினைந்தாம் நாள் கழற்றினோம்.
கையில் ஒரு வெளுத்த வட்டம்.
செத்த வில்லையை அவள்
அளவுகல்லில் ஒட்டிவிட்டு வந்தாள்.
"ஆத்துக்கும் பாப்போம்ப்பா."
மூன்றாம் நாள் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

ஒன்று ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.
மாதத்துக்கு இரண்டு.
என் சம்பளத்தைச் சொல்லப் போவதில்லை.

திங்கட்கிழமை திருவாரூர். குறைதீர் கூட்டம்.
எனக்கு முன்னால் ஒருவர் பட்டாவுக்கு,
பின்னால் ஒருவர் சுடுகாட்டுப் பாதைக்கு.
மேசைக்கு அந்தப்புறம் இருந்த தம்பி
நல்ல தம்பிதான், மனுவை முழுக்கப் படித்தார்.
காப்பீட்டு அட்டையில் இது வராது என்றார்.
"இன்சுலின் குடுக்கறாங்கல்ல?"
"குடுக்கறாங்க சார்.
எப்ப எவ்வளவுன்னு தெரியணும்ல."
எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்:
"மேலே கேட்டிருக்கோம்.
வந்தா எல்லாருக்கும் வரும்."

அந்த வாக்கியம் என்னுடையது.
முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து
டிவிஎஸ்ஸில் வந்து மதகடியில் நிற்கும்
கடைமடைக்காரர் வைரக்கண்ணுவிடம்
இருபத்தோரு ஆவணியாகச் சொல்கிறேன்,
இதே சொற்களை, இதே கனிவோடு.
அவர் தலையாட்டிவிட்டு
டீ குடித்துவிட்டுப் போவார்.
நானும் தலையாட்டினேன்.
டீ குடித்தேன்.

இப்போது வீட்டில் முறை வைத்திருக்கிறோம்.
பதினாலு நாள் திறப்பு.
பதினாலு, சில மாதம் முப்பது, அடைப்பு.
காய்ச்சல் வந்தால் திறப்பு.
பரீட்சைக்குத் திறப்பு.
ராஜகுமாரி தோட்டைக் கழற்றிய வாரம் ஒரு திறப்பு.
அடைப்பு நாட்களில் இரண்டரைக்கு அலாரம்,
டார்ச், ஊசி, அவள் சிணுங்கல்.
நூற்றுப்பத்து என்று காட்டும்.
ஏறிக்கொண்டிருக்கும் நூற்றுப்பத்தா
இறங்கிக்கொண்டிருக்கும் நூற்றுப்பத்தா,
அதைக் காட்டாது.
மூன்றரைக்கு இன்னொரு விரல்.

நேற்று வைரக்கண்ணு வந்தார்.
"தண்ணி வருமா தம்பி?"
வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.
நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.
கண்ணாடி போட்டுக்கொண்டு
விரல் வைத்து, உதடு அசைத்து
வரிவரியாகப் படித்தார்.
நிமிர்ந்தார்.

"ராத்திரிக்கு ஒண்ணும் எழுதலியே" என்றார்.