நாற்பத்திரண்டு

புரைமியில் எங்கள் கடை
கூடாரம், கரி அடுப்பு, கயிறு,
ஒட்டகக் கடிவாளம் வரை விற்கும்.
பின்பக்க அலமாரியில் காற்றுத் துப்பாக்கிக்கான உதிரிகள்:
ரப்பர் வளையம், ஈயக் குண்டு, தொலைநோக்கி,
அப்புறம் இந்தக் கறுத்த குழாய்.
முனையில் திருகினால் சத்தத்தைத் தின்னும்.
'டப்' என்பது 'த்' ஆகும். அவ்வளவுதான் அதன் வேலை.

துப்பாக்கி நாங்கள் விற்பதில்லை,
துப்பாக்கியின் வாய்ப்பூட்டு மட்டும்.
வாய்ப்பூட்டுச் சட்டம் கேள்விப்பட்டிருக்கிறேன்,
இப்போது வாய்ப்பூட்டுக்கே ஒரு சட்டம் வருமாம்.
சொன்னது மந்தூப் ஹமூத்.
எப்போது?
'பரிசீலனையில்.'
குழாய்க்கு மட்டுமா, தொலைநோக்கிக்குமா,
அந்த ரப்பர் வளையத்துக்குமா?
உதட்டைப் பிதுக்கினான்,
இன்னொரு கிண்ணம் கஹ்வா ஊற்றிக்கொண்டான்.

முதலாளி ஃபோனில்:
அலமாரியில் வைக்காதே. தூக்கியும் எறியாதே.
விற்காதே. கேட்டு வருபவரிடம் இல்லை என்றும் சொல்லாதே.
நாலு 'தே'க்களுக்கு நடுவில்
ஒரு அட்டைப்பெட்டிக்கு இடம் தேடினேன்.
பாலைவனத்தில் யாரும் வாங்காத மிதவைச் சட்டைகள்
மூன்று வருடமாய்க் கிடக்கின்றன,
அவற்றின் அடியில் தள்ளினேன்.

கணக்கில் என்ன பெயர் எழுத?
சப்ளையர் பில்லில் ஒன்று, கஸ்டம்ஸ் தாளில் வேறொன்று,
பெட்டியின் மேல் சீன எழுத்தில் எனக்குப் புரியாத மூன்றாவது.
'அலுமினியக் குழாய், மரை உள்ளது, 42' என்று போட்டேன்.
பொய் இல்லை.

பேரீச்சந்தோட்டத்துச் சாலிம் மூன்றாம் தடவை வந்தார்.
தோட்டத்தில் எலி, சுட்டால் ஆடு மிரள்கிறது.
தடையா?
இல்லை.
அப்போது அனுமதியா?
அப்படியும் யாரும் சொல்லவில்லை.
'புக்ரா' என்றேன், நாளைக்கு.
எந்த நாளைக்கு என்று அவர் கேட்காதது
அவருடைய பெருந்தன்மை.

நோன்புக்கு முந்தின மாலை
மொஃபிஸ் தொலைநோக்கியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான்.
குறுக்குக்கோட்டின் நடுவில்
பிறை வந்து நின்றதும்
சட்டென்று இறக்கிவிட்டான்.
துடைத்து, உறையில் போட்டு, இருந்த இடத்தில் வைத்தான்.

இன்றைக்கு வந்தவர் எந்த இலாகா, தெரியவில்லை.
வெள்ளை திஷ்தாஷா, கையில் டேப்லெட்.
மிதவைச் சட்டைகளை அவரே விலக்கினார்.
ஒரு குழாயை எடுத்து, வாயில் வைத்து ஊதினார்.
காற்றுதான் வந்தது.
டேப்லெட்டில் விரலால் தேடினார், தேடினார்.
'பட்டியலில் இல்லை,' என்றார். பிறகு, 'இன்னும்.'
அவர் எண்ணவில்லை.
என் நோட்டைப் பார்த்து 42 என்று ஏற்றிக்கொண்டார்.

பொறுப்பாளர் பெயர்?
முதலாளியின் ஃபோன் அணைந்திருந்தது.
ஞானதிரவியம், என்றேன்.
அரபியில் அது மூன்று துண்டாய் விழுந்தது,
ஒன்றோடொன்று மரை சேராமல்.
என் பத்தாக்காவை இரண்டு பக்கமும் படமெடுத்தார்.
எதற்கு சார்?
'ஒன்றுமில்லை. வந்தால் கூப்பிடுவோம்.'
நான் வந்தாலா, சட்டம் வந்தாலா?
கார் போய்விட்டது.

ஷட்டரை இறக்கிவிட்டு எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
மொஃபிஸ் சோற்றுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்,
தலை நிமிரவில்லை.

வெளியே வந்து
தோட்டங்கள் இருக்கும் திசையில் காது கொடுத்து நின்றேன்.
ஒரு சத்தமும் இல்லை.
அதை வைத்து
எதையும் சொல்ல முடியாது.