மேற்கோள் பிழை

ஜூன் மாதம், ஹாலிஃபாக்ஸ்.
நானூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள்கள்
பழுப்பு உறைகளில் வந்து
சமையலறை மேசையைப் பிடித்துக்கொண்டன.
இரண்டு வாரமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

கேள்வி ஒன்றுதான்:
இத்துன்பியல் நாடகத்தில் குற்றவுணர்வு
எவ்வாறு வெளிப்படுகிறது?
மேற்கோள்களுடன் விளக்குக.

விளக்குகிறார்கள்.
பத்தி பத்தியாக அரசனைக் கொல்கிறார்கள்.
இரத்தம் குறியீடு என்கிறார்கள்,
இருட்டு குறியீடு, ஆந்தை குறியீடு,
கதவு தட்டும் ஓசைகூடக் குறியீடு.
ஒரு பையனுக்கு மட்டும் மழை வெறும் மழை.
அவனுக்கு அரை மதிப்பெண் கூடப் போட்டேன்.
பேராசை பெருநஷ்டம் என்பதை
எல்லோரும் எட்டுப் பக்கத்துக்கு இழுத்திருந்தார்கள்.

தாளுக்குத் தாள் அதே ஐந்து மேற்கோள்கள்,
தினமும் ஒரே பேருந்தில் ஏறும்
ஐந்து பேரைப் போல.
ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.
நிறுத்தம் வந்ததும் இறங்கிவிடுகிறார்கள்.

பிறகு 4071.

பேர் தெரியாது.
கிரிம்ஸ்பி பக்கத்துப் பள்ளி என்றது உறை.
பேனா கசிந்து
இரண்டாம் பக்கம் மூன்றாம் பக்கத்திலும் இருந்தது.
அவள், அவள் என்றே வைத்துக்கொள்கிறேன்,
கொன்றவனைப் பற்றி எழுதவில்லை.
தூண்டியவளைப் பற்றியும் இல்லை.
விடிந்ததும் அந்தப் படுக்கையைத் துவைத்தது யார்
என்று ஆரம்பித்திருந்தாள்.
கோட்டையில் எத்தனை வாளி,
கிணற்றுக்கு எத்தனை படி,
கம்பளியில் உறைந்த இரத்தத்துக்கு
வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் என்று.
பதினாறு வயதில் இது எப்படித் தெரிந்தது?

அப்புறம், மேற்கோள் குறிக்குள், திருத்தமான கையெழுத்தில்:

“துணி வெளுத்துவிட்டது, ஐயா.
தண்ணீரை எங்கே கொட்ட?”

பணிப்பெண், மூன்றாம் அங்கம்
என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

அப்படி ஒரு வரி கிடையாது.
இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள் நான்,
கிடையாது என்று எனக்குத் தெரியும்.
இருந்தும் மாடிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.
மூன்றாம் அங்கம் முழுக்க,
சந்தேகத்துக்கு நான்காவதும்.
அடிக்குறிப்புகளில்கூடத் தேடினேன்.
இரவு இரண்டு மணிக்கு
கெட்டில் மூன்றாம் முறை கொதித்து அடங்கியது.
அந்த அங்கத்தில் பணிப்பெண் யாரும்
வாயே திறப்பதில்லை.

காலையில் தலைமைத் திருத்துநருக்குப் போன் செய்தேன்.
இல்லாத மேற்கோளுக்கு என்ன மதிப்பெண்?
“பூஜ்யம், மேவிஸ்,” என்றார் திரு. த்ரெல்ஃபால்.
பின்னால் வானொலியில் கிரிக்கெட்.
“இதற்கா போன்?”

என் அம்மா கம்பள ஆலையில்
தரை துடைத்தவள்.
ஒரு செவ்வாய்க்கிழமை
தறிக்குள் ஒரு பையனின் கை போனது.
மதியச் சங்குக்குள் தறி மறுபடி ஓடியது.
வீட்டில் அதைப் பற்றிப் பேசினோம்,
பையனைப் பற்றி, முதலாளியைப் பற்றி,
நஷ்டஈடு எவ்வளவு என்பது பற்றி.
அம்மா கையைக் கழுவிவிட்டு
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
வாளியை எங்கே கவிழ்த்தாய் என்று
நான் கேட்டதில்லை.
கேட்க இப்போது அவள் இல்லை.

சிவப்பு மையில் எழுதினேன்:
மேற்கோள் பிழை. பூஜ்யம்.
கருப்பொருள் என்ற கட்டத்தில்
முழு மதிப்பெண்.
கூட்டிப் பார்த்தால்
சுமாரான மாணவி.
உறையை ஒட்டினேன்,
ஓரம் சரியாக ஒட்டவில்லை.

அக்டோபரில் லீட்ஸில் அதே நாடகம் போட்டார்கள்.
பின்வரிசையில் மலிவான இருக்கை.
முன்னால் ஒரு பள்ளிக்கூடமே
சாக்லேட் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தது.
மூன்றாம் அங்கம் வந்தபோது
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
விருந்து முடிந்தது.
மேசை கலைந்தது.
வசனம் இல்லாத ஒரு சின்னப் பெண்
வாளியோடு வந்து
மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள்.
எழுந்தவள் ஒரு கணம் நின்றாள்,
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது போல.

நான் முன்னால் சாய்ந்தேன்.
அரசன் அவளைப் பார்க்கவில்லை.
அவள் இடப்பக்கமாகப் போய்விட்டாள்.

வாளியில் தண்ணீர் இருந்ததா என்று
என் இருக்கையிலிருந்து தெரியவில்லை.