நிர்வாகக் காரணங்களுக்காக

பழிவாங்கல்
கத்தியோடு வந்து நான் பார்த்ததில்லை,
பதினாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட.
எக்செல் கட்டங்களில் வரும்.
அடியில் "அன்புடன்" என்றிருக்கும்.

பெண்டமியர் சாலை, மூன்றாம் மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
எதிரே வீரபாகு,
துவாஸ் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர்.
விடுப்பு நாளில்கூட வேலைக்குப் போவதுபோல்
இரும்பு முனை பூட்ஸ் போட்டு வந்திருக்கிறார்.
தண்ணீர் குடிக்கவில்லை.
குவளையை மட்டும்
இரு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் புகாரில் இருந்தது ஒன்றே ஒன்று:
உயரத்தில் ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் வார்
நாற்பத்தொன்றையும் சோதித்ததாகக் கையெழுத்து இருக்கிறது.
கையெழுத்துக்காரர் அன்று திருச்சியில்,
தங்கையின் வளைகாப்பில்.

ஒரு வார் அறுந்தது.
ஆள் பிழைத்தார்.
இடுப்பு பிழைக்கவில்லை.

பிறகு நடந்ததைத் தேதி போட்டுச் சொன்னார்.
திங்கள், புகார்.
புதன், இரவுப் பணி.
பதினேழாம் தேதி முதல் வாசலில் நின்று லாரி எண்ணும் வேலை.
இருபதாம் தேதி வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கம்,
நள்ளிரவு பன்னிரண்டு ஐந்துக்கு.
மாத முடிவில்
வேலை அனுமதி புதுப்பிக்கப்படாது என்று ஒரு வரி.

விடுதியில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்
தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததையும் சொன்னார்.
"இதை எல்லாம் எழுதலாமா மேடம்?"
எழுதினேன்.
சட்டத்தில் அதற்குப் பிரிவு எண் இல்லை.

இயக்குநர் திரு சியா
வழக்கறிஞரோடு வந்தார். நல்ல மனிதர் போலவே பேசினார்.
நிர்வாகக் காரணங்கள், என்றார்.
ஆள் பற்றாக்குறை, நிர்வாகக் காரணங்கள்.
வாசலில் நிழல் இருக்கிறது, அவருக்கு நல்லதுதானே,
மற்றபடி நிர்வாகக் காரணங்கள்.
நான்கு முறை.
எண்ணிக்கொண்டிருந்தவள் ஹஃபிஸா,
என் குழுவில் இளையவள்.

புது அட்டவணை எப்போது பிறந்தது என்று
கோப்பின் வயிற்றுக்குள் தேடிப் பார்த்ததும் அவள்தான்.
புகார் போய்ச் சேர்ந்தது மாலை நான்கு பத்து.
அட்டவணை திறக்கப்பட்டது நான்கு ஐம்பத்திரண்டு.
இடையில் நாற்பத்திரண்டு நிமிடம்.
ஒரு தே ஓ கோசோங்
ஆறி, ஆடி அசையாமல், அப்படியே மிஞ்சுகிற நேரம்.

"பிடித்துவிட்டோம்" என்றேன்.
ஹஃபிஸா சிரிக்கவில்லை.
வாக்குமூலத்தின் பிரதியை என் மேசையில் வைத்தாள்.
நான்கு இடத்திலும் மஞ்சள் மை.

இரவு எட்டு மணிக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
ஏழாம் பத்தி:
"நிர்வாகக் காரணங்கள் என்ற விளக்கத்தை
ஏற்பதற்கில்லை."
விரல் நின்றது.

போன வருடம், முழுக் கூட்டத்தில்,
என் அறிக்கையில் ஒரு தேதி தவறு என்று
கை தூக்கிச் சொன்னவள் அவள்.
சொன்னது சரி.
நன்றி என்றுகூடச் சொன்னேன்.
அதற்கு அடுத்த வாரம்
பழைய கோப்புகளை ஸ்கேன் செய்யும் கீழ்த்தள அறைக்கு
மூன்று மாதம் அனுப்பினேன்.
உத்தரவில் காரணம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு.
அதில் இரண்டு சொல் எழுதினேன்.
யாரும் விசாரிக்கவில்லை.
விசாரிக்கிறவள் நான்தானே.

ஏழாம் பத்தியை அழித்தேன்.
திரும்ப அதையே தட்டினேன்.
அது உண்மை. என் கையால் எழுதினாலும் உண்மை.
வீரபாகுவின் அனுமதி முடியப் பன்னிரண்டு நாள்.
வழக்கு முடியும்வரை தங்க
சிறப்புச் சீட்டுக்கு எழுதிப் போட்டேன்.
பட்டறை அவரைத் திரும்ப எடுக்குமா தெரியாது.
எடுத்தாலும் அந்த மேசையில்
யார் உட்காருவார் தெரியாது.

மின்தூக்கியில் ஹஃபிஸாவும் இருந்தாள்.
வெளியே மழை என்பது
ஏறியவர்களின் குடைகளில் தெரிந்தது.
"போன வருஷம் அந்த ஸ்கேன் அறை..."
என்று தொடங்கினேன்.

"மார்ச் ஒன்பது" என்றாள்,
கதவைப் பார்த்தபடி.