எட்டாவது ஈயம்

விதி மூண்டுதான்.
கோயில் மணிக்கயித்துக்குப் பக்கத்துச் சுவரிலை
சங்கத் தலைவர் மரியாம்பிள்ளை கரிக்கட்டியாலை எழுத,
சுவாமி ஏச, தண்ணி ஊத்தி அழிச்சது.
அழிஞ்ச பிறகுதான் எல்லாருக்கும் பாடம்:
துவக்கைத் தோளிலை வைச்சுச் சுடோணும்.
ஒரு மானுக்கு ஒரு குண்டு.
கட்டுத்துவக்குக் கட்டினவனுக்கு
அந்த வருசம் காடுமில்லை
கரைவலையிலை பங்குமில்லை.

கட்டைக்காட்டிலை நான் சுடுறவனில்லை.
உரிக்கிறவன். பங்கு போடுறவன்.
செத்ததோடைதான் எனக்குக் கதை.

மாதா பெருநாளுக்கு முதல் வெள்ளி, விடியாத நேரம்,
ஒரு வெடி.
எந்தப் பக்கமெண்டு வாடைக்காத்திலை விளங்கேல்லை.
நாய்கூட ஒருக்காக் குரைச்சிட்டுப் படுத்திட்டுது.
வெயில் ஏற முதல் நீக்கிலாசும் மச்சானும்
தடியிலை காவிக்கொண்டு வந்திச்சினம், கலைமான்.
"களப்புக்கு அங்காலை நிண்டது," எண்டான்,
"ஒரே குண்டு. நிண்ட இடத்திலையே."

நான் அவன்ரை சாரத்தைப் பாத்தன்.
மார்கழிக் களப்பு இடுப்பளவு.
சாரம் பெட்டியாலை எடுத்த மாதிரி, மடிப்புக் குலையாமல்.

காய்ஞ்ச சாரம் ஒரு சாட்சியோ?
மாத்துச் சாரம் கொண்டு போயிருக்கலாம்.
தோணியிலை போயிருக்கலாம்.
தோணியள் எல்லாம் கவிண்டு கிடந்ததை
நான் மட்டும்தானே கண்டனான்.

பூவரசங் கொப்பிலை தலைகீழாய்த் தூக்கினன்.
காயம் கீழையிருந்து மேலை ஏறியிருந்துது.
நிலத்தோடை படுத்தாலொழிய
மனிசன்ரை தோள் அந்த மட்டத்துக்கு வராது.
படுத்துச் சுடக்கூடாதெண்டு
சுவரிலை எழுதேல்லைத்தான்.

பிறகு விரல் நுனியிலை ஒண்டு.
விலாவுக்குள்ளை இன்னும் ரெண்டு. கத்தியை வைச்சிட்டு
கையாலை தேடினன்.
ஏழு.
குண்டில்லை, வலை ஈயம்.
ரத்தத்தைப் பெருவிரலாலை வழிச்சன்:
ஒவ்வொண்டிலையும் பல்லுப் பதிஞ்சு,
நடுவிலை ஒரு பல்லுக்கு இடம் விட்டு.

சவள் கட்டை தட்டி என்ரை முன்பல்லுப் போய்
ஒன்பது வருசம்.
ஈயத்தைக் கடிச்சுத்தான் கயித்திலை இறுக்கிறனான்.
ஐப்பசியிலை என்ரை வலையின்ரை அடிக்கயித்திலை
எட்டு ஈயம் காணேல்லை.
எலி ஈயம் தின்னுமோ எண்டு மனிசி கேட்டவள்.

நீக்கிலாஸ் பீடி பத்திறதை விட்டிட்டு
என்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டான்.
கள்ளன் அவன். கடிச்சவன் நான்.
ஈயம் ஆற்றை பேரைச் சொல்லும்?

"குண்டு கிடைச்சுதோடா?" மரியாம்பிள்ளை.
குனிஞ்சு, மூக்கைத் துடைக்கிற மாதிரி
ஏழையும் வாய்க்குள்ளை போட்டு
வெத்திலை போலை கொடுப்புக்குள்ளை ஒதுக்கிக்கொண்டு சொன்னன்:
"துளைச்சுக்கொண்டு போட்டுது."

சுட்டவனுக்குத் தலையும் ஒரு தொடையும்.
தராசு பிடிக்கேக்கை கை நடுங்கேல்லை, அதுதான் வெக்கம்.
வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத ஊர்
மஞ்சளும் உப்பும் பிரட்டி
சனிக்காகக் காத்திருந்துது.

அண்டிரவே ஏழையும் பழைய இடத்திலை வைச்சுக் கடிச்சன்.
பல்லுக்கு அந்தப் பள்ளங்கள் தெரிஞ்சிருந்துது.
எட்டாவதுக்காகக் குடல்வரை கிண்டிப் பாத்தவன் நான்.
அது காட்டிலை விழுந்திருக்கும் எண்டு
ரெண்டு தரம் எனக்கே சொன்னன்.

ஞாயிறு பூசை முடிய
தலைவற்றை பெஞ்சாதி திரேசம்மா
கன்னத்தைப் பொத்திக்கொண்டு படலையிலை நிண்டா.
உள்ளங்கையிலை, குழம்பு கழுவி,
ஒரு துண்டு ஈயம்.
"என்ரை கடைவாய்ப் பல்லு போச்சு," எண்டா.
கோபமில்லை.
வெளிச்சத்துக்குப் பிடிச்சு அங்காலை இங்காலை திருப்பினா.
பிறகு, கனநேரம், என்ரை முகத்தை.

"எங்கை சூசையப்பு,
ஒருக்காச் சிரி பாப்பம்."